குதிரைமுதுகில் ஓர் ஆண் இறால்

என் மனைவி ஒதிலுக்குக் கோபம் வந்தால் அலமாரியை ஒழுங்குபடுத்துவாள். ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நான் வேலை முடிந்து வந்தபோது சமையலறையிலிருந்த எல்லா டப்பாக்களும் மேசைமேல் நின்றன. மாவு, மிளகு, உப்பு, உலர்ந்த பயறு எல்லாம் உயர வாரியாக வரிசையில் இருந்தன. அவள் நாற்காலிமேல் ஏறி வெற்று அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பதில் வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"மாவு டப்பாவுக்குக் கீழ இருக்கு. படிச்சுக்கோ."

ஆய்விதழ் ஆசிரியர் அனுப்பிய கடிதம் அது. ஒதிலின் கட்டுரையை இரண்டு மதிப்பீட்டாளர்கள் படித்திருந்தார்கள். முதலாமவர் மூன்றே வரியில் நல்ல வேலை என்று முடித்துவிட்டார். இரண்டாமவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். நான் பிளம்பர், அதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஒரு வரியின் கீழே மட்டும் காகிதம் கிழியும் அளவுக்கு ஒதில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். "கட்டுரையாசிரியருக்கு இந்த உயிரினக் குழுவோடு போதிய பழக்கம் இல்லை எனத் தோன்றுகிறது."

"இருபத்தாறு வருஷம்," என்றாள் ஒதில், திரும்பாமலே. "இருபத்தாறு வருஷமா அந்தக் கடலாய்வு நிலையத்துல சேத்தைச் சலிச்சு, அதுல கெடக்கற ஒவ்வொரு பூச்சியையும் புட்டியில போட்டுப் பேர் எழுதறேன். பழக்கம் இல்லையாம்."

"வேற என்னதான் கேக்கறாரு?"

"ஆண் வேணுமாம். முழுசா. பெரிய கொடுக்கோட. அது இல்லாம இதைப் புது இனம்னு ஒத்துக்க மாட்டாராம்."

அந்த ஆண் எங்கே இருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதுதான் சிக்கலே.

எங்கள் கரையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, பழைய சிப்பிப் பண்ணைக் கழிகளையும் தாண்டி, ஒரு மணல் திட்டு இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பழைய மொழியான பிரெத்தோன் பேச்சில் அதற்குக் குதிரைமுதுகு என்று பெயர். எங்கள் ஊரில் கடல் பின்வாங்கும் ஒவ்வொரு வற்றத்துக்கும் ஓர் எண் உண்டு. எண் பெரிதாக ஆகக் கடல் தூரமாகப் போகும். எண் நூற்றுப் பதினான்கைத் தொட்டால்தான் குதிரைமுதுகு வெளியே தெரியும். மார்ச்சில் இரண்டு நாள், செப்டம்பரில் இரண்டு நாள், அதுவும் நாற்பது நிமிடம்தான். மற்ற நாளெல்லாம் அது கடலுக்கு அடியில்.

அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் நாங்கள் அங்கே போனது சாப்பாட்டுக்காக. சவரக்கத்தி போல நீண்ட சிப்பி ஒன்று உண்டு. அதன் துளையில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் தானே மேலே எட்டிப் பார்க்கும். நான் உப்பைப் போட்ட துளையிலிருந்து சிப்பி வரவில்லை. இளஞ்சிவப்பாக, உள்ளே குடல் தெரியும் அளவுக்கு மெல்லிய தோலோடு, விரல் நீள இறால் ஒன்று பாதி வந்து, பிடிக்காதது போலத் திரும்ப உள்ளே போய்விட்டது. ஒதில் மண்டியிட்டு முழங்கை வரை கையைவிட்டு எடுத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிப்பிக் கூடையை என் கையில் கொடுத்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் உப்போடு துளை துளையாக அலைந்தாள். அன்றும் அந்தச் செப்டம்பரிலுமாக ஐந்து கிடைத்தன. ஐந்தும் பெண்.

வளை தோண்டி வாழும் இறால்களில் ஒன்று அது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. எந்த இறால் என்று மட்டும் தெரியவில்லை. அவள் பார்த்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. ஒரு புது உயிரினத்துக்குப் பெயர் வைப்பதென்றால் பெயரை எழுதிவிட்டால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. ஒரு காலுக்கு ஒரு ஞாயிறு. நுண்ணோக்கியில் ஒரு கண், காகிதத்தில் ஒரு கண். காலின் எத்தனையாவது கணுவில் எத்தனை மயிர், வால் தகட்டின் ஓரம் வளைவா நேரா, உணர்கொம்பின் அடிக்கணு கண்ணைவிட நீளமா குறைவா. நாற்பத்தொரு பக்கம் வந்தது. சமைத்தது நான், கறி தீய்ந்தாலும் அவளுக்குத் தெரியவில்லை.

அவளிடம் முனைவர் பட்டம் கிடையாது. நிலையத்தில் அவள் வெறும் உதவியாளர். அவள் சலித்துக் கொடுத்ததை வைத்து மற்றவர்கள் எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் அவளுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். இது ஒன்றில்தான் பெயர் முதல் பக்கத்தில் வருவதாக இருந்தது.

எனவே செப்டம்பருக்குக் காத்திருந்தோம். நான் பிளாஸ்டிக் குழாயில் ஓர் உறிஞ்சு பம்ப் செய்தேன். கைப்பிடியை இழுத்தால் வளையிலிருக்கும் மணலும் நீரும் விலங்கும் சேர்ந்து மேலே வரும். எண் நூற்றுப் பதினைந்து. முதல் நாள் விடிந்ததும் கிளம்பி, முழங்கால் சேற்றில் இரண்டரை கிலோமீட்டர் நடந்தோம். மேற்கே எங்கோ புயல். காற்றழுத்தம் விழுந்தால் கடல் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காது. குதிரைமுதுகின்மேல் முழங்கால் அளவு நீர் நின்றது. கீழே துளைகள் கூடத் தெரிந்தன. பம்பை வைத்தால் சுற்றிலும் இருக்கும் கலங்கல்தான் ஏறியது. இரண்டாம் நாளும் அப்படியே. ஒதில் நீரில் நின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போலாமா?" என்றேன்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

அந்த ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்தது மார்ச்.

மார்ச்சில் முதல் நாள் ஒன்றும் சிக்கவில்லை. இரண்டாம் நாள் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. குதிரைமுதுகு நன்றாக வெளியே வந்தது; கூடவே பாதி ஊரும் வந்தது. எல்லார் கையிலும் வாளியும் மண்வாரியும். சிப்பிக்காகத் திட்டையே உழுதுகொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் வெங்காய விவசாயி லோமிக் குனிந்து வாரிக்கொண்டிருந்தான். நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடம்.

"லோமிக், இந்தப் பக்கம் வாராதே. துளையெல்லாம் மூடிப் போகுது," என்றாள் ஒதில்.

"கடல் உங்க வீட்டுக் கொல்லையா? எழுதிக் குடுத்திருக்காங்களா?"

"பத்து அடி தள்ளிப் போய் வாருடா," என்றேன் நான்.

"என்ன புடிக்கறீங்க, அதைச் சொல்லுங்க மொதல்ல."

"இறால்."

"எத்தனை கிலோ?"

"ஒண்ணு. ஒரே ஒரு இறால்."

லோமிக் நிமிர்ந்து எங்கள் பம்பைப் பார்த்தான், சல்லடையைப் பார்த்தான், ஒதிலின் பையிலிருந்த புட்டிகளைப் பார்த்தான். "ஒரு இறாலுக்கு ரெண்டு பேரும் இவ்ளோ சாமானும். விருந்தாளி யாரும் வராம இருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் பத்து அடி தள்ளிப் போனான்.

பதினோரு துளைகளில் பம்ப் வெறும் மணலைத் துப்பியது. பன்னிரண்டாவதில் ஆண் வந்தது. அது ஆண்தான் என்று எனக்கே தெரிந்தது. ஒரு பக்கக் கொடுக்கு மட்டும் உடம்பில் பாதி இருந்தது. மணலில் விழுந்த மறுகணமே அது பின்னங்கால்களால் தோண்டத் தொடங்கியது. ஒதில் அப்போது புட்டியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். வால் மறைந்தது, முதுகு மறைந்தது. நான் குனிந்து, வெளியே இருந்த ஒரே உறுப்பைப் பிடித்தேன்.

கொடுக்கு என் கையோடு வந்தது. இறால் உள்ளே போய்விட்டது.

பிடிபட்டால் கொடுக்கைக் கழற்றிவிட்டுத் தப்பிக்கும் என்று அவள் எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். நான் கையை நீட்டியபடி நின்றேன். அவள் அந்த இடத்தில் பம்பை வைத்து இழுத்தாள், மறுபடி இழுத்தாள். கையால் தோண்டினாள். தோள் வரை மணலில் விட்டாள். நீர் திரும்பி வரும்போது வேகமாக வரும். எங்கள் பூட்சைச் சுற்றி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. லோமிக் கரைப் பக்கமிருந்து கத்தினான். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடு. நீ எதையும் புடிக்காதே," என்றாள்.

இரண்டு நாள் அவள் சொன்னது அவ்வளவுதான். மூன்றாம் நாள் மாலை, சாப்பிடும்போது நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"கொடுக்கு நம்மகிட்ட இருக்கே. ஒடம்பு அஞ்சு இருக்கு. ரெண்டையும் சேத்து எழுத முடியாதா?"

"அந்த அஞ்சும் பொண்ணுப்பா. இது வேற ஆளு." அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அது கூடப் பரவால்ல. இந்தக் கொடுக்கு தப்பா இருக்கு."

"தப்பான்னா?"

"நான் எழுதியிருக்கற பேரினத்துல ஆணுக்கு இப்படிக் கொடுக்கு இருக்காது. மணிக்கட்டுக்குக் கீழ கொக்கி மாதிரி ஒரு பல் இருக்கு. அந்தப் பல் இருக்கவே கூடாது. ஒண்ணு, அந்தத் திட்டுல ரெண்டு இனம் இருக்கணும், இது வேற இனத்தோடது. இல்லன்னா..."

"இல்லன்னா?"

"இல்லன்னா நாற்பத்தொரு பக்கமும் குப்பை."

நான் மட்டும் உடம்பைப் பிடித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்தக் கோடையை என்னால் மறக்க முடியாது. வீட்டில் ஒழுங்குபடுத்த அலமாரி மிச்சமில்லை. கராஜில் என் குழாய் இணைப்புகளைக் கூட அளவு வாரியாக அடுக்கிவிட்டாள். எனக்கு ஓர் எல்போ, அதாவது வளைவு இணைப்பு, வேண்டுமென்றால் அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. ஆய்விதழிலிருந்து நினைவூட்டல் கடிதம் வந்தது. "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கியது.

யோசித்துக்கொண்டே இருந்தேன். உறிஞ்சினாலும் பிடித்தாலும் அது கொடுக்கைக் கழற்றும். அப்படியானால் அதைத் தொடவே கூடாது. மணலோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சாக்கடைக்குப் போடும் பெரிய குழாயில் முக்கால் மீட்டர் துண்டுகள் மூன்று வெட்டினேன். மேல் மூடியில் ஒரு சிறு ஓட்டை. ஓட்டையைத் திறந்து வைத்து மணலில் இறக்கி, பிறகு அதை அடைத்துவிட்டு இழுத்தால், உள்ளே இருக்கும் மணல் கீழே விழாமல் அப்படியே மேலே வரும். இது எங்கள் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

கொண்டுவந்த மணலை வைக்கத் தொட்டி வேண்டும். ஒதில் நிலையத்தின் இயக்குநர் கெர்வெல்லாவிடம் போய்க் கேட்டாள். அவளைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

"என்ன சொன்னாரு?"

"'திட்ட எண் இல்லாம தொட்டி ஒதுக்க முடியாது ஒதில், நீங்களே புரிஞ்சுக்குவீங்க'ன்னாரு. ஆறு தொட்டி காலியா கெடக்கு. தெனமும் நான்தான் கழுவறேன்."

"நம்ம குளியல் தொட்டி இருக்கே," என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்தது அன்றுதான்.

செப்டம்பரில் எண் நூற்றுப் பதினாறு. வானம் தெளிவு. மூன்று குழாய்களையும் சேற்றில் வழுக்கிப் போகும் சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துப் போனோம். ஒதில் துளைகளைத் தேர்ந்தெடுத்தாள். நான் குழாயை வைத்து, இடமும் வலமும் திருகி இறக்கினேன். நிறைந்த பிறகு ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்கு மேல். திரும்பும் வழியில் பழைய கழிகளுக்குப் பக்கத்தில் பலகை சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் இழுத்தும் அசையவில்லை. பின்னால் நீரின் சத்தம் கேட்டது.

லோமிக் தன் சிப்பி வாளியோடு எங்களைத் தாண்டிப் போனவன், நின்று, திரும்பி வந்தான்.

"இதுல என்ன?"

"மணல்," என்றேன்.

"மணல் கரையிலயே இருக்கேடா." வாளியைப் பலகைமேல் வைத்துவிட்டுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான். "இழுங்க. ஏம்மா ஒதில், நீ பின்னாலேர்ந்து தள்ளு. எம் பொண்டாட்டி நம்ப மாட்டா, ரெண்டு பேரும் சாக்கடைக் குழாய்ல மணல் எடுத்துட்டுப் போனாங்கன்னா." கரை வரும்வரை அவன் பேச்சு நிற்கவில்லை, கயிற்றையும் விடவில்லை.

அடுத்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் யாரும் குளிக்கவில்லை. தொட்டியில் கடல்நீர் நிரப்பி, குழாயைச் சாய்த்து வைத்து, மணலை ஒரு காபிக் குவளையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவ வேண்டும். ரப்பர் குழாயால் பீய்ச்சினால் ஒரு மணி நேரத்தில் முடியும் என்றேன். அவள் முறைத்த முறைப்பில் அதோடு விட்டுவிட்டேன். முதல் குழாயில் ஒரு புழு இருந்தது. இரண்டாவதில் ஆறாவது பெண் இருந்தது. ஒதில் அதைப் பார்த்து, "நீ வேறயா," என்றாள்.

மூன்றாவது குழாயில் முக்கால்வாசி கழுவியும் ஒன்றுமில்லை. ஞாயிறு காலை, நான் கீழே காபி போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"ரிவால். மெதுவா வா. படியில சத்தம் போடாம வா."

குழாயின் வாயில், மணலுக்கு வெளியே, கொடுக்கு நீண்டிருந்தது. அதன் பின்னால் மெல்ல மெல்ல மீதியும் வந்தது. தொட்டியின் வெள்ளைப் பீங்கான்மேல் அது நடந்தது, ஒரு பக்கம் சாய்ந்தபடி, அந்தச் சுமையை முன்னால் தள்ளிக்கொண்டு. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒதில் அகன்ற கிண்ணத்தை நீருக்குள் அமிழ்த்தி வைத்து, அது தானாக ஏறும்வரை காத்திருந்தாள். இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். பிறகு நீரில் கிராம்பு எண்ணெய் சொட்டு சொட்டாக விட்டாள். விலங்கு மயங்கி, தளர்ந்து, எதையும் கழற்றாமல் அடங்கியது. வீடெல்லாம் பல் மருத்துவர் அறை போல மணத்தது.

மூன்று மணி நேரம் அவள் நுண்ணோக்கியிலிருந்து எழவில்லை. நான் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"வால் அதேதான். உணர்கொம்பு அதேதான். நம்ம அஞ்சு பொண்ணுங்களோட ஆண்தான் இது."

"நல்லதுதானே."

"மணிக்கட்டுக்குக் கீழ கொக்கி இருக்கு."

"அப்போ புது இனம் இல்லையா?" என்று கேட்டேன்.

"புதுசுதான். ஆனா நான் சொன்ன வீட்டுப் புள்ள இல்ல. பக்கத்து வீட்டுப் புள்ள. தப்பான வாசல்ல கொண்டுபோய் விட்டிருக்கேன்." நாற்காலியில் உட்கார்ந்தாள். கையெல்லாம் மூன்று நாள் நீரில் ஊறிச் சுருங்கியிருந்தது. "அந்த நாலு பக்கம் எழுதின ஆளு சொன்னது சரி, ரிவால். ஆண் இல்லாம எழுதியிருக்கக் கூடாது. அவன் தப்பா இருந்திருந்தா எனக்கு இவ்ளோ எரிச்சல் வராது."

"பழக்கம் இல்லைன்னு எழுதினது தப்புதானே."

"அது தப்பு," என்றாள். "அது மட்டும் தப்பு."

அவள் அழுதாள். எனக்குத் தெரிந்து இந்த இறால் விஷயத்தில் அவள் அழுதது அந்த ஒரு தடவைதான். நான் தண்ணீர் கொடுத்தேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல், மாடிக்குப் போய்த் தொட்டியிலிருந்த மணலை வாளியில் அள்ளினேன்.

அந்தக் குளிர்காலமும் ஞாயிறுகள் போயின. முன்பு ஒன்பது இனங்களோடு ஒப்பிட்டிருந்தாள். இப்போது வேறு பதினான்கோடு ஒப்பிட வேண்டியிருந்தது. அவற்றில் நான்கின் மாதிரிகள் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் இருந்தன. கடிதம் எழுதி ஐந்து மாதம் கழித்துப் பொட்டலம் வந்தது. அதில் ஒரு புட்டி வழியில் காய்ந்து, உள்ளே இறால் சருகாகியிருந்தது. அதற்கு ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு ஒரு படிவம். ஆனாலும் எழுதி முடித்தாள். இந்த முறை இரண்டாம் மதிப்பீட்டாளர் ஒரே பத்தி எழுதினார். ஆண் மாதிரியின் நேர்த்தி அபூர்வமானது என்றும், அதை எடுத்த முறையை விரிவாக எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும் என்றும் இருந்தது. ஆகவே கட்டுரையில் சாக்கடைக் குழாயைப் பற்றி அரைப் பக்கம் வந்தது. நன்றிப் பகுதியில் என் பெயரும் லோமிக்கின் பெயரும் வந்தன. குதிரைமுதுகு என்பதை இலத்தீனாக்கி அந்த இறாலுக்குப் பெயர் வைத்தாள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை கட்டுரை வெளியானது. மதியம் அவளே எனக்கு போன் செய்தாள். நான் ஒரு வீட்டில் கழிவறைக் குழாய்க்கு அடியில் படுத்திருந்தேன்.

"வந்துடுச்சு," என்றாள்.

"எப்படி இருக்கு?"

"ஆறாவது படத்தைத் தலைகீழாக்கிட்டாங்க. ஆணோட பெரிய கொடுக்குக்குக் கீழ 'பெண்'னு போட்டிருக்காங்க. பொண்ணோடதுக்குக் கீழ 'ஆண்'னு போட்டிருக்காங்க."

"நீ அனுப்பினதுல..."

"நான் அனுப்பினதுல சரியா இருந்தது. அச்சுக்கு முன்னால பாத்தப்பவும் சரியா இருந்தது. அதுக்கப்பறம் யாரோ கைய வெச்சிருக்காங்க. கேட்டா, அடுத்த இதழ்ல திருத்தம் போடறோம்னு சொல்றாங்க. அடுத்த இதழ் எப்போ தெரியுமா? ஏப்ரல்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ஒதில்," என்றேன், "முதல் பக்கத்துல யார் பேர் இருக்கு?"

"என் பேருதான்."

"வேற யாரு?"

"வேற யாரும் இல்ல," என்றாள். "கெர்வெல்லா வந்து கை குடுத்தாரு. அடுத்த வருஷத்துக்குத் திட்ட எண் ஒண்ணு வாங்கித் தர்றேன்னாரு. தொட்டியும் தர்றாராம்."

"நீ என்ன சொன்ன?"

"படத்துல தப்பு இருக்குன்னு சொன்னேன். அவரு பாக்கவே இல்லையாம். 'ஆணா பெண்ணான்னு யாருக்குத் தெரியப் போகுது'ன்னாரு." அவள் குரல் மறுபடி இறுகியது. "வை. அந்த ஆசிரியருக்கு இன்னொரு கடிதம் எழுதணும். நீ வரும்போது வெண்ணெய் வாங்கிட்டு வா, உப்பு போட்டது."

சாயங்காலம் வெண்ணெயோடு வீட்டுக்கு வந்தேன். சமையலறை மேசைமேல் டப்பா எதுவும் இல்லை. கடிதம் இருந்தது, முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கத்தில் பாதி வந்திருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்காமல், "'கவனக்குறைவு'ன்னு எழுதவா, 'பொறுப்பின்மை'ன்னு எழுதவா?" என்று கேட்டாள்.

"ரெண்டையும் எழுது," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.